கட்டளைக் கோப்புகளுக்கும் பதிப்பு நெறி வேண்டும்

மென்பொருளைப் பற்றித் தமிழாசிரியர்க்கு என்ன கருத்து இருக்க முடியும் என்று நண்பர்கள் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நிரல் எழுதும் கலையைப் பற்றி நாம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லைதான். ஆயினும், ஓர் எழுத்து பலர் கைமாறி, பல படிகளாகப் பெருகி, எவ்வரியை எவர் எதற்காகச் சேர்த்தார் என்பதே தெரியாத நிலையை அடையும்போது அதனை எவ்வாறு செம்மைப்படுத்துவது என்னும் கேள்வி, தமிழ் படித்தவர்க்குப் புதியதன்று. மென்பொருள் உலகில் அந்நிலையை முற்றாக எட்டிவிட்ட எழுத்துவகை ஒன்று உண்டு. கணிஞர்கள் அதனைப் பில்ட் ஸ்கிரிப்ட் என்கிறார்கள். அதனைச் செம்மை செய்வது ஓய்வு நேரத்து அழகுவேலை என்று பலரும் எண்ணுகிறார்கள். அவ்வெண்ணம் ஆபத்தானது என்பதே நம் கருத்து.

முதலில் பொருளை விளக்கிவிடுவோம். மூலநிரலை எழுதி முடித்த அளவில் மென்பொருள் ஆகிவிடுவதில்லை. நூற்றுக்கணக்கான கோப்புகளை உரிய வரிசையில் கணினி மொழிக்கு மாற்ற வேண்டும். துணை நூலகங்களை இணைக்க வேண்டும். சோதனைகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். தேறியதைப் பொதியாகக் கட்டி வெளியிட வேண்டும். இத்தனையையும் ஒவ்வொரு முறையும் கையால் செய்தால் எங்கேனும் ஒரு படி விட்டுப்போகும். ஆகவே, செய்யவேண்டியவற்றை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி, அதனைக் கணினியே படித்து நிறைவேற்றும்படி வைத்தார்கள். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' இவ்வகையில் முன்னோடியாகும். இன்று ஜென்கின்ஸ், கிட்லேப், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்றவை அவ்வேலையைப் பன்மடங்கு விரித்துச் செய்கின்றன. நிரலர் ஒருவர் ஒரு வரியை மாற்றி அனுப்பியவுடன், எங்கோ ஒரு கணினி விழித்தெழுந்து எல்லாவற்றையும் கட்டிச் சோதித்து, பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ காட்டிவிடுகிறது.

இந்தக் கோப்புகளின் தலைவிதி விந்தையானது. மூலநிரலில் ஒருவர் கை வைத்தால் இருவரேனும் படித்துக் கேள்வி கேட்கிறார்கள். கட்டளைக் கோப்பை அவ்வாறு படிப்பார் அரியர். நள்ளிரவில் விளக்குச் சிவந்தால் ஒருவர் அவசரமாக ஒரு வரி சேர்ப்பார். மறுநாள் பச்சையானதும் மறந்துவிடுவார். அவர் வேலையை விட்டுச் சென்ற பின்னும் அவ்வரி அங்கே இருக்கும். 'இதைத் தொடாதே' என்று ஒரு குறிப்பு இருக்கும். ஏன் தொடக்கூடாது என்பது இராது. ஒரு சோதனை தோற்றாலும் தோற்கவில்லை என்று சொல்லிவிடும்படி ஓர் ஒட்டு இருக்கும். சில ஆண்டுகளில் அக்கோப்பு, இடைச்செருகல் மலிந்த ஏடு போல ஆகிவிடுகிறது. அது ஓடுகிறது என்பதைத் தவிர அதைப் பற்றி எவர்க்கும் ஏதும் தெரியாது.

ஓடினால் போதாதா என்பார்க்குச் சில நிகழ்ச்சிகளை நினைவூட்ட விரும்புகிறோம்.

2011-இல் பம்பிள்பீ என்னும் லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில் ஒரு கோப்புறையின் பாதையை அழிக்கச் சொல்லும் வரி ஒன்று இருந்தது. பாதையின் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. கணினி அதனை ஒரு பாதையாகக் கொள்ளாமல் இரண்டாகக் கொண்டது. பயனர் நிறுவிய மென்பொருள்களெல்லாம் குடியிருக்கும் 'யூஎஸ்ஆர்' கோப்புறையையே முழுவதுமாக அழித்துவிட்டது. ஓர் இடைவெளியின் விலை அது. சொற்களைப் பிரிக்குமிடத்தில் பிரிக்காமலும், பிரிக்கத்தகாத இடத்தில் பிரித்தும் பொருள் கெடுவதை வகுப்பறையில் நாள்தோறும் காண்கின்ற நமக்கு இது விளங்காத செய்தியன்று.

2015 சனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் தொடக்க ஸ்கிரிப்டில் வேறொரு பிழை வெளிப்பட்டது. தான் இருக்கும் கோப்புறை எது என்பதை அது கண்டறிந்து, ஒரு பெயரில் குறித்துக்கொண்டு, அதனுள் இருப்பவற்றை அழிக்கும். கோப்புறையை இடம் மாற்றிய ஒருவரின் கணினியில் அந்தக் கண்டறிதல் தோற்றது. பெயர் வெறுமையாக நின்றது. விளைவாக, 'இன்ன கோப்புறைக்குள் இருப்பனவற்றை அழி' என்னும் கட்டளை, 'எல்லாவற்றையும் அழி' என்று ஆனது. அவ்வரிக்கு மேல், எழுதியவரே 'அச்சந்தருவது!' என்று பொருள்படும் ஒற்றைச்சொல்லைக் குறிப்பாக எழுதி வைத்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. அஞ்சத்தக்கது என்று அறிந்திருந்தார். ஏன் அஞ்ச வேண்டும், என்ன நேர்ந்தால் அஞ்ச வேண்டும் என்பதை எழுதவில்லை. பதவுரை இல்லாத வியப்புக்குறி யாருக்குப் பயன்படும்?

இவையெல்லாம் அறியாமல் நேர்ந்த பிழைகள். அறிந்தே ஒருவர் அங்கு வந்து ஒளிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை 2024 காட்டியது.

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள். லினக்ஸ் கணினிகளில் ஏறத்தாழ எங்கும் இருப்பது. அதனை லாஸ் காலின் என்பவர் பல்லாண்டுகளாக, ஊதியமின்றி, பெரும்பாலும் தனியொருவராகப் பராமரித்து வந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்னும் பெயரில் ஒருவர் சிறுசிறு உதவிகள் செய்யத் தொடங்கினார். அப்பெயர்க்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. 2022-இல், முன்பின் அறியாத சில பெயர்களிலிருந்து, வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று காலினை நெருக்கும் மடல்கள் வந்தன. அவர் தம் இயலாமையையும் சோர்வையும் மறைக்காமல் எழுதினார். உதவ வந்தவர் மெல்ல மெல்லப் பொறுப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்பும், மார்ச்சில் 5.6.1 பதிப்பும் அவர் கையால் வெளிவந்தன. இரண்டிலும் கள்ளவழி ஒன்று இருந்தது. குறித்த திறவுகோல் வைத்திருப்பவர், தொலைவிலிருந்தே பிறர் கணினிக்குள் நுழைந்து கட்டளையிட வழிசெய்யும் கள்ளவழி அது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, அந்தக் கள்ளவழி எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதே. பலரும் படிக்கும் மூலநிரலில் அன்று. முதற்பகுதி, சோதனைக்கான கோப்புகளுள் இருந்தது. பழுதான கோப்பைக் கொடுத்தால் மென்பொருள் அதனைச் சரியாக மறுக்கிறதா என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே பழுதாக்கி வைத்த கோப்புகள் அங்கே உண்டு. பழுதானது என்று பெயரிட்டு வைத்த ஒன்றைத் திறந்து யார் படிக்கப் போகிறார்கள்? இரண்டாம் பகுதி, பில்ட் செய்யும் கோப்புகளுள் ஒன்றில் இருந்தது. எம்4 என்னும் பழைய மொழியில் எழுதப்பட்ட அக்கோப்பு, சோதனைக் கோப்பிலிருந்து மறைபொருளை எடுத்து, உருமாற்றி, உருவாகும் நூலகத்தில் சேர்த்துவிட்டது. அந்த எம்4 கோப்பு, எல்லாரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தது.

களஞ்சியத்துக்கும் பொதிக்கும் இடையே வேறுபாடு இருப்பதைக் கண்டு எவரும் ஏன் ஐயுறவில்லை? வேறுபாடு இருப்பது வழக்கமாகிவிட்டதுதான் காரணம். 1991-இல் வந்த ஆட்டோகான்ஃப் போன்ற கருவிகள், ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கட்டளைக் கோப்புகளைத் தாமே உருவாக்கித் தருகின்றன. அவ்வாறு உருவாக்கப்படுபவற்றைக் களஞ்சியத்தில் வைக்காமல், பொதியில் மட்டும் சேர்ப்பது பலகால மரபு. மனிதர் படிப்பதற்கல்ல என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட எழுத்து அது. ஒளிய வந்தவர்க்கு இதைவிட நல்ல இடம் ஏது?

ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், தம் கணினியில் நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கண்டு, காரணத்தைத் தேடிச் சென்று, 2024 மார்ச் 29 அன்று உண்மையை உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்பே வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி காட்டிய சில விந்தையான எச்சரிக்கைகளும் அவர் நினைவில் இருந்தன. நிலைப்பதிப்புகளாகப் பெரும்பாலோர் கணினிகளைச் சென்றடையுமுன் அது தடுக்கப்பட்டது. பின்னர்க் காலின் தம் கோப்புகளை வரிவரியாகப் படித்தபோது இன்னொன்றும் அகப்பட்டது. மற்றொரு கட்டளைக் கோப்பில், பாதுகாப்பு வேலி ஒன்று இக்கணினியில் உண்டா என்று சோதித்துப் பார்க்கும் சிறுபகுதியில், ஒரு வரியின் தொடக்கத்தில் ஒற்றைப் புள்ளி இருந்தது. அப்புள்ளியால் அச்சோதனை எக்காலும் தேறாது. தேறாததால், வேலி இல்லை என்று கொண்டு அது போடப்படவே மாட்டாது. பிழைச்செய்தி எதுவும் எழாது.

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரிதும் இல்லை. புள்ளி எங்கே வேண்டும், எங்கே கூடாது என்பதைப் பதிப்பாசிரியர்கள் பொருளறிந்து முடிவு செய்தார்கள். அவ்வுழைப்பின் அருமையை அறிந்த எவரும், ஒரு புள்ளியால் ஒரு வேலி சரிந்த செய்தியைச் சிறியதாகக் கொள்ளார்.

எக்ஸ்இசட் நிகழ்ச்சியைக் கணிஞர்கள் பாதுகாப்புச் சிக்கலாகப் பேசுகிறார்கள். நாம் அதனைப் பாடபேதச் சிக்கலாகவும் காண்கிறோம். ஒரே நூலுக்கு இரண்டு படிகள் இருந்தன: களஞ்சியப் படி, பொதிப் படி. இரண்டும் ஒன்றே என்று எல்லாரும் நம்பினார்கள், ஒப்புநோக்கியவர் இல்லை. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் கிடைத்த சுவடிகளையெல்லாம் தேடித் தொகுத்து ஒப்புநோக்கியது, ஒன்றை நம்பிவிடலாகாது என்பதனால்தான். ஆகவே, கட்டளைக் கோப்புகளைச் செம்மை செய்வதைப் பதிப்புப் பணியாகக் கொள்ள வேண்டும் என்கிறோம். அதற்குச் சில நெறிகளும் வேண்டும்.

முதல் நெறி, பொருள் விளங்காத ஒன்றை விளங்கவில்லை என்பதற்காக நீக்கலாகாது. 'ஓடுவதைத் தொடாதே' என்று மூத்த கணிஞர்கள் சொல்வதில் உண்மையுண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. 2006-இல் டெபியன் அமைப்பில், ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க மென்பொருளில் சில வரிகள் குறித்து அதே வால்கிரைண்ட் எச்சரிக்கை காட்டியது. எச்சரிக்கையை ஒழிக்க அவ்வரிகளை நல்லெண்ணத்தோடு முடக்கினார்கள். கருவி வாய் மூடியது, மென்பொருள் ஓடியது. ஆனால், யாரும் ஊகிக்க இயலாத எண்களை உருவாக்கும் ஆற்றலே அவ்வரிகளில்தான் இருந்தது. கணக்கற்ற திறவுகோல்கள் கிடைக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 திறவுகோல்களே கிடைத்தன. 2008 மே மாதம்வரை இது வெளிப்படவில்லை. அங்கே தொட்டது மூலநிரலைத்தான். எனினும், செம்மை செய்யும் எக்கைக்கும் அது பாடமாகும். ஒரே கருவியின் எச்சரிக்கை 2006-இல் வாயடைக்கப்பட்டது, 2024-இல் செவிமடுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே செம்மைப்பணிக்கும் துடைத்தெறிதலுக்கும் உள்ள தொலைவு.

இரண்டாம் நெறி, தோல்வியை ஒளிக்கலாகாது. ஷெல் ஸ்கிரிப்டுகளின் இயல்பு, நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் அடுத்ததற்குப் போய்விடுவது. தோற்ற இடத்திலேயே நில் என்றும், மதிப்பிடப்படாத பெயரைக் கண்டால் நில் என்றும் தொடக்கத்திலேயே ஆணையிட வழியுண்டு. ஆயினும், அவ்வாணை எல்லாத் தோல்வியையும் பிடித்துவிடாது. ஸ்டீம் நிகழ்ச்சியில் அந்தப் பெயர் மதிப்பிடப்படாதது அன்று, வெறுமையாக மதிப்பிடப்பட்டது. ஆகவே, அழிக்குமுன் வெறுமையா என்று பார்க்கும் ஒரு வரியும் வேண்டியிருந்தது. ஷெல்செக் என்னும் இலவசக் கருவி, மேற்கோள்குறி விடுபட்ட இடங்களையும் இத்தகைய அழித்தல் வரிகளையும் சுட்டிக்காட்டும். சோதனையைத் தாண்டிச் செல்லும்படி எழுதிய ஒட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, காரணம் கேட்டு, காரணமற்றவற்றைக் களைய வேண்டும். எப்போதும் பச்சை காட்டும் விளக்கு விளக்கன்று.

மூன்றாம் நெறி, எப்பதிப்பை மேற்கோள் காட்டுகிறோம் என்பதைத் திட்டமாகச் சொல்ல வேண்டும். கட்டளைக் கோப்புகள் இன்று பிறர் எழுதிய துணைக் கோப்புகளைப் பெயர்சொல்லி அழைக்கின்றன. 2025 மார்ச்சில், 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' தொகுப்பைச் சேர்ந்த அத்தகைய துணைக் கோப்பு ஒன்றை யாரோ கைப்பற்றினார்கள். 'இன்ன பதிப்பு' என்று குறிக்கும் அடையாளச் சீட்டுகளை எடுத்து, நஞ்சு கலந்த வேறொரு படியின்மேல் ஒட்டிவிட்டார்கள். அதனை 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்தி வந்தன. நஞ்சு கலந்த படி ஓடிய இடங்களில் கடவுச்சொற்களும் மறைக்குறிகளும் பில்ட் பதிவேட்டில் அச்சாயின. சீட்டை நம்பாமல், மாற்றவியலாத முழு அடையாள எண்ணைக் கொடுத்திருந்தோர் பெரிதும் தப்பினர். நூலின் பெயரை மட்டும் சொல்லாமல், பதிப்பும் ஆண்டும் பக்கமும் குறிக்குமாறு ஆய்வு மாணவர்களிடம் நாம் ஓயாமல் வற்புறுத்துவது இதற்குத்தானே.

நான்காம் நெறி, கண்ணுக்குத் தெரியாதவற்றில் பொருளை வைக்கலாகாது. 'மேக்' கோப்பில் கட்டளை வரி டேப் விசையால் தொடங்க வேண்டும். அதே அகலத்துக்கு இடைவெளி விட்டால் ஓடாது. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. இது சிக்கல் என்று தெரிந்தபோது பயனர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்ததாகவும், அவர்களை அலைக்கழிக்க வேண்டாமென்று விட்டுவிட்டதாகவும் ஃபெல்ட்மன் பின்னாளில் சொன்னார். அன்று விட்டதை அரை நூற்றாண்டாக உலகம் சுமக்கிறது. இன்றைய யாமல் கோப்புகளிலும் இத்தகைய பொறி உண்டு. பைத்தான் 3.10 பதிப்பு 2021-இல் வந்தபோது, அவ்வெண்ணை மேற்கோள்குறியின்றி எழுதியவர்களின் கோப்பு அதனைத் தசம எண்ணாகப் படித்து, கடைசிச் சுழியைத் தள்ளி, 3.1 என்று கொண்டது. மரபை ஒருவர் தனியாக மாற்ற முடியாது. ஆனால், மறைந்திருப்பதை வெளிப்படக் குறிக்கும் ஒரு மேற்கோள்குறியையோ, ஒரு வரி உரையையோ சேர்க்க முடியும்.

ஐந்தாவதாக, ஒப்புநோக்குதல். ஒரே மூலத்தை இருவேறு கணினிகளில் கட்டினால் எழுத்துக்கு எழுத்து ஒரே விளைவு வருகிறதா என்று பார்க்கும் முயற்சியை டெபியன் அன்பர்கள் 2013 முதல் முன்னெடுத்து வருகிறார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. இருவரும் ஒரே நஞ்சுப் பொதியிலிருந்து கட்டினால் விளைவும் ஒன்றாகவே இருக்கும். எனவே, பொதியையும் களஞ்சியத்தையும் ஒப்பிடுவது தனியே வேண்டும். வேறுபடுவன இவை, இன்ன காரணத்தால் வேறுபடுகின்றன என்று எழுதிவைத்தால், காரணமற்ற வேறுபாடு தானே தலைநீட்டும்.

இந்நெறிகளை யார் செயற்படுத்துவது என்பதே கடினமான கேள்வி. புதிய வசதி ஒன்றைச் சேர்த்தவர் பாராட்டப்படுகிறார்; பழைய கட்டளைக் கோப்பிலிருந்து நாற்பது வரிகளைக் காரணத்தோடு நீக்கியவர் பெயர் எங்கும் வருவதில்லை. விரும்பாத வேலையாதலால், செய்ய முன்வருபவர் எவரானாலும் அவரிடம் நன்றியோடு ஒப்படைத்துவிடுகிறார்கள். எக்ஸ்இசட்டில் நுழைந்தவர் சோதனைகளைச் சீர்செய்து தருபவராகவே நம்பிக்கை பெற்றார். 5.6.1 பதிப்பில் அந்தச் சோதனைக் கோப்புகளை மாற்றியபோதும், மீண்டும் அதே வகையில் உருவாக்கிக்கொள்ள வசதியாக என்று செம்மைப்பணியின் மொழியிலேயே காரணம் எழுதினார். துப்புரவு செய்பவரை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த அலட்சியம் சமூகத்தினுடையது. மென்பொருள் உலகம் அதனை இங்கிருந்து எடுத்துச் சென்றது போலும்.

ஆகவே நாம் வேண்டுவன இரண்டு. நிறுவனங்கள் இவ்வேலையை வேலையாக எண்ண வேண்டும்: அதற்கு நேரமும் ஊதியமும் ஒதுக்கி, மூலநிரலைப் போலவே இக்கோப்பின் ஒவ்வொரு திருத்தத்தையும் மற்றொருவர் படித்து ஒப்ப வேண்டும். தாம் பயன்கொள்ளும் திறமூல மென்பொருளைத் தனியாளாகச் சுமப்பவர்க்குத் தோள் கொடுப்பதும் இதனுள் அடங்கும். கல்லூரிகள், புதிய நிரல் எழுதப் பழக்குவதோடு, பிறர் எழுதிய பழைய கோப்பை வரிவரியாகப் படித்து உரை எழுதவும் மாணவரைப் பழக்க வேண்டும். நூறு வரிக் கட்டளைக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, இவ்வரி ஏன் இங்கே உள்ளது, நீக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால், அது தேர்வுக்கும் தகும், பணிக்கும் தகும்.

இத்துறையில் நாள்தோறும் உழைக்கும் நண்பர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். நம் நெறிகளில் நடைமுறைக்கு ஒவ்வாதன இருப்பின் எடுத்துச் சொல்லுமாறு வேண்டுகிறோம். உங்கள் கோப்பில் 'தொடாதே' என்றிருக்கும் வரியின் மேல், ஏன் தொடக்கூடாது என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்து சொன்னால் இன்னும் மகிழ்வோம்.